உங்களுக்குத் தெரியுமா? பூமத்திய ரேகையோரத் தலைநகர் கீட்டோ

ஈக்வடாருக்குப் போகும் வெளிநாட்டவர்களில் பலருக்குத் தலைநகர் கீட்டோ என்பது கலாபகஸ் தீவுகளுக்கான விமானத்துக்கு முந்தைய இரவு தங்கும் ஊர், அவ்வளவுதான். பூமி எந்த வடிவில் இருக்கிறது என்ற வழக்கைத் தீர்த்துவைத்த ஊர் அது. பழங்குடிச் சிற்பிகளும் ஓவியர்களும் கட்டி நிறைத்த ஊரும்கூட. அதை ஒரே இரவில் தாண்டிப் போவது பெரிய இழப்பு என்பேன். ஏன் என்று பாருங்கள்.

★

கீட்டோ கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அந்த உச்சியையும் தாண்டிய உயரத்தில் ஒரு பெருநகரமே பள்ளிக்கூடம், அலுவலகம், பேருந்து நெரிசல் என்று இயங்குகிறது. பொலிவியாவின் லா பாஸ் இதைவிட உயரம். ஆனால் பொலிவியாவுக்கு அரசியல் சட்டப்படி தலைநகர் சுக்ரே. சட்டப்படியான தலைநகரங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் உலகிலேயே உயர்ந்தது கீட்டோதான்.

★

இங்கே தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் வரும் விளைவு இது. கொதித்தாலும் சூடு போதாததால் பருப்பும் பயறும் வேக நெடுநேரம் பிடிக்கும். அதனால் வீட்டுக்கு வீடு குக்கர் அவசியம்.

★

யுனெஸ்கோ தன் முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலை 1978-ல் வெளியிட்டபோது அதில் இடம்பிடித்தவை மொத்தமே 12. கீட்டோவின் பழைய நகரம் அவற்றில் ஒன்று. போலந்தின் கிராக்கோவ் நகரும் அதே பட்டியலில் உண்டு. கலாபகஸ் தீவுகளும் அந்தப் பன்னிரண்டில் அடக்கம் என்பதால், சின்ன நாடான ஈக்வடாருக்கு முதல் பட்டியலிலேயே இரண்டு இடம்.

★

ஸ்பானியர்கள் வந்தபோது இந்த ஊர் சாம்பலாகக் கிடந்தது. இன்கா தளபதி ரூமிஞாவி, எதிரியின் கையில் சிக்கக்கூடாது என்று நகரைக் கொளுத்திவிட்டுப் பின்வாங்கியிருந்தார். பொன்னைத் தேடி வந்தவர்களுக்குக் கரிந்த சுவர்கள்தான் கிடைத்தன. அந்தச் சாம்பல்மேட்டில்தான் 1534 டிசம்பர் 6 அன்று செபாஸ்தியான் தே பெலால்காசார் ஸ்பானிய நகரத்தை நிறுவினார். மறு ஆண்டு ரூமிஞாவி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். இன்றும் டிசம்பர் முதல் வாரம் கீட்டோவில் திருவிழாதான்: திறந்த பேருந்துகளில் மேளதாளம், பட்டை போட்டுக் காய்ச்சிய சூடான மதுபானமான கனெலாசோ, விடிய விடிய ஆட்டம். கொண்டாடப்படுவது நகரம் பிறந்த நாள். அதற்கு முன்பு அங்கே எரிந்துபோன நகரத்தையும் அந்த நாளில் நினைக்கவேண்டும் என்று சொல்பவர்கள் இப்போது கீட்டோவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்.

★

சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் முற்றத்தில் ஒரு கல் குறைகிறதாம். அதைத் தேடிக் குனிந்து பார்க்காத பயணி கிடையாது. கதை இதுதான். காந்துஞா என்ற பழங்குடிக் கட்டடக்காரர், முற்றத்தைக் குறித்த நாளில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். நாள் நெருங்கியது, வேலை பாதியில் நின்றது. முடிக்காவிட்டால் சிறை. அன்றிரவு சாத்தான் வந்து, 'விடிவதற்குள் கடைசிக் கல் வரை நானே வைத்துத் தருகிறேன், உன் ஆன்மாவைக் கொடு' என்றான். காந்துஞா சம்மதித்தார். சாத்தானின் ஆட்கள் இரவெல்லாம் உழைத்தார்கள். விடியும் நேரத்தில் ஒரே ஒரு கல்லுக்கு உரிய இடம் காலியாக இருந்தது. அந்தக் கல்லை எடுத்து மறைத்து வைத்திருந்தவர் காந்துஞா. ஒப்பந்தம் முறிந்தது, ஆன்மா தப்பியது. அவர் பெயரில் ஒரு சிற்றாலயம் அந்த வளாகத்திலேயே இருக்கிறது.

கதையை விடுங்கள், அந்த வளாகத்தின் உண்மை வரலாறு இன்னும் சுவையானது. நகரம் நிறுவப்பட்ட கையோடு இங்கே வந்த பிளெமிஷ் துறவி ஜோடோகோ ரிக்கே, ஈக்வடாரில் முதன்முதலில் கோதுமை விதைத்தவர் என்று நினைவுகூரப்படுகிறார். பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்திய பள்ளியில் பழங்குடிச் சிறுவர்கள் ஓவியமும் சிற்பமும் இசையும் பயின்றார்கள். 'கீட்டோ கலை மரபு' என்று உலகம் கொண்டாடும் மரச்சிற்பங்களுக்கும் ஓவியங்களுக்கும் வேர் அங்கேதான். அந்தச் சிற்பிகளில் பெயர் தெரிந்தவர்கள் சிலரே. கையெழுத்திடாமல் போனவர்கள்தான் ஏராளம்.

★

கட்டி முடிக்க 160 ஆண்டு. அனுபவிக்கக் கிடைத்தது இரண்டே ஆண்டு. இயேசு சபையினரின் லா கொம்பாஞியா தேவாலய வேலை 1605-ல் தொடங்கி 1765-ல் முடிந்தது. 1767-ல் ஸ்பானிய மன்னர் தன் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் இயேசு சபையினரை வெளியேற்றினார். வெளியே எரிமலைக் கல்லில் சுருள் சுருளான தூண்கள். உள்ளே காலெடுத்து வைத்தால் தரைக்கு மேலே எல்லாம் தங்கத் தகடு. கண்கூசி நிற்பவர்கள் வாசல் பக்கத்தில் இருக்கும் நரக ஓவியத்தைப் பார்க்காமல் வந்துவிடக்கூடாது. எந்தப் பாவத்துக்கு என்ன தண்டனை என்று பெயர் எழுதி வைத்தே வரைந்திருக்கிறார்கள்.

★

ஐரோப்பாவின் கோதிக் தேவாலயங்களில் மழைநீர் வடியும் வாய்களைப் பேய்முகங்களாகச் செதுக்குவார்கள். 1892-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கீட்டோவின் பசிலிக்காவில் அந்த இடத்தில் எட்டிப் பார்ப்பவை எல்லாம் ஈக்வடார் விலங்குகள்: இகுவானா, ஆமை, ஆர்மடில்லோ, குரங்கு, ஆண்டீஸ் கழுகு. 1985-ல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து ஆசீர்வதித்தார். தலை சுற்றாதவர்கள் கோபுரம் ஏறலாம். கூரைக்கு அடியில் ஒரு மரப்பலகைப் பாலம், அதைக் கடந்தால் நெட்டுக்குத்தான இரும்பு ஏணி, ஏறி முடித்தால் நகரம் முழுதும் காலடியில்.

★

பானெசிய்யோ குன்றின் மேல் நிற்கும் மாதாவுக்குச் சிறகுகள் உண்டு. சுமார் 7,000 அலுமினியத் துண்டுகளை இணைத்து உருவாக்கிய இந்தச் சிலை, அடிமேடையோடு சேர்த்து 40 மீட்டருக்கு மேல் உயரம். 1970-களிலிருந்து நகரின் பல பகுதிகளிலிருந்தும் தெரிகிறது. ஆனால் மூலவர் வேறு இடத்தில் இருக்கிறார். பெர்னார்தோ தே லெகார்தா 1734-ல் செதுக்கிய மரச்சிற்பம்தான் இதற்கு முன்மாதிரி, அது சான் பிரான்சிஸ்கோ தேவாலயப் பீடத்தில் இருக்கிறது. காலடியில் பாம்பு, உடலில் ஒரு நடன அசைவு. மாதாவை இப்படி ஆடும் கோலத்தில் செதுக்கத் துணிந்த லெகார்தாவின் கை அபாரமானது. குன்றுக்கு நடந்து ஏறவேண்டாம். அந்தப் பாதையில் வழிப்பறி நடந்திருக்கிறது, டாக்சியில் போய் டாக்சியிலேயே இறங்குங்கள்.

★

பூமி உருண்டைதான். ஆனால் எப்படிப்பட்ட உருண்டை? நடுவில் புடைத்ததா, துருவங்களை நோக்கி நீண்டதா? 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவை இரண்டாகப் பிரித்த கேள்வி இது. நடுவில் புடைத்தது என்றார் நியூட்டன். பிரான்ஸின் காசினி குடும்பத்து வானியலாளர்கள் நீண்டது என்றார்கள். அளந்து பார்ப்போம் என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழுவை வடதுருவப் பக்கம் லாப்லாந்துக்கும், இன்னொரு குழுவைக் கீட்டோவுக்கும் அனுப்பியது. கொதான், பூகே, லா கொண்டமின் ஆகிய மூவர் தலைமையில் 1736-ல் கீட்டோ வந்த குழுவில் ஸ்பானியக் கடற்படை அதிகாரிகளான ஜோர்ஜே ஹுவான், அந்தோனியோ தே உயோவா இருவரும் இருந்தார்கள். இந்த மண்ணின் மைந்தரான பெத்ரோ விசெந்தே மால்தொனாதோவும் அவர்களோடு பணியாற்றினார்.

முதலில் யாருகி சமவெளியில் மரக்கோல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் வைத்து, 12 கிலோமீட்டர் அளவுக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார்கள். அதை அடித்தளமாகக் கொண்டு மலைச்சிகரம் விட்டுச் சிகரம் முக்கோணம் போட்டபடி தெற்கே குவென்கா வரை போனார்கள். பனியும் காற்றும் அடித்த உச்சிகளில் கூடாரம் போட்டு, மேகம் விலகி எதிர்ச்சிகரத்துக் குறி கண்ணில் படும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பழங்குடிச் சுமைக்காரர்கள் இல்லாமல் ஒரு கருவிகூட மேலே போயிருக்காது. ஆண்டுகள் ஓடின. குழுவின் மருத்துவர் குவென்காவில் நடந்த கலவரத்தில் கொல்லப்பட்டார். கடைசியில் கணக்கு வந்தது: நியூட்டன் சொன்னதே சரி, பூமி நடுவில் புடைத்திருக்கிறது.

இன்றைய விமான நிலையம் அந்தச் சமவெளிப் பக்கம்தான் இருக்கிறது. அந்தக் குழு கொண்டுபோன அளவுகோல்தான் பின்னாளில் பிரான்ஸின் நீள அளவுக்கு ஆதாரமானது. 1799-ல் மீட்டர் என்பது எவ்வளவு நீளம் என்று சட்டமாக்கியபோது இந்தக் கோலை வைத்துத்தான் சொன்னார்கள். நாம் தினமும் துணி அளக்கும் மீட்டருக்கும் கீட்டோவுக்கும் இப்படி ஒரு உறவு.

★

பூமி நடுவில் புடைத்திருப்பதால் இன்னொரு விந்தை. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் மிகத் தொலைவில் இருப்பது எவரெஸ்ட் உச்சி அல்ல. கீட்டோவுக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கும் சிம்பொராசோ எரிமலையின் உச்சி. கடல் மட்டத்திலிருந்து உயரம் 6,263 மீட்டர்தான். ஆனாலும் மையத்திலிருந்து பார்த்தால் எவரெஸ்ட்டை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் முந்துகிறது.

★

நகரிலிருந்து வடக்கே 26 கிலோமீட்டரில் 'உலகின் நடு' நினைவுச்சின்னம். 30 மீட்டர் உயரக் கல்தூண், உச்சியில் உலக உருண்டை, தரையில் மஞ்சள் கோடு. வட அரைக்கோளத்தில் ஒரு கால், தென் அரைக்கோளத்தில் ஒரு கால் வைத்து எல்லாரும் படமெடுக்கிறார்கள். செயற்கைக்கோள் அளவீட்டின்படி உண்மையான பூமத்திய ரேகை அங்கிருந்து சுமார் 240 மீட்டர் வடக்கே போகிறது. அதாவது படத்தில் இரண்டு காலும் தென் அரைக்கோளத்தில்! ஆனால் கத்தெக்கிய்யா என்ற குன்றில் இன்காக்களுக்கும் முந்தைய மக்கள் விட்டுச்சென்ற கல்வட்டச் சிதைவு, ரேகையின் மேலேயே அமைந்திருப்பது 1990-களில் அளந்து பார்த்தபோது தெரிந்தது. ஊர் ஊராகச் சின்னம் வைத்தவர்கள் போய்ப் பார்க்கவேண்டிய இடம் அந்தக் குன்று.

ரேகைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் வலமாகச் சுழலும், அந்தப் பக்கம் இடமாகச் சுழலும் என்று தொட்டியை வைத்து நினைவுச்சின்னத்தின் பக்கத்தில் செய்துகாட்டுவார்கள். நம்பாதீர்கள். பூமியின் சுழற்சி புயலைத் திருப்பும், கைகழுவும் தொட்டியைத் திருப்பாது. ஊற்றுகிற கைதான் திசையைத் தீர்மானிக்கிறது. எடை குறைவது மட்டும் உண்மை. துருவத்தில் இருப்பதைவிட ரேகையில் உங்கள் எடை அரை சதவீதம் குறைவாகக் காட்டும்.

★

கீட்டோவில் கோடையும் குளிர்காலமும் மாதக்கணக்கில் வருவதில்லை, ஒரே நாளில் வந்துபோகின்றன. காலையில் இளவெயில், நண்பகலில் சுள்ளென்ற வெயில், மூன்று மணிக்கு மழை, இரவில் போர்வைக் குளிர். ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டி விடிந்து, மாலை ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடும். இந்த வெளிச்சமும் உயரமும்தான் பக்கத்துக் கயாம்பே பகுதியை ரோஜாத் தோட்டமாக்கின. ஒரு மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் தண்டுகளோடு அந்த ரோஜாக்கள் காதலர் தினத்துக்கு உலகமெங்கும் பறக்கின்றன.

★

நகரின் மேற்குச் சுவராக நிற்கும் பிச்சிஞ்சா ஓர் உயிருள்ள எரிமலை. 1999 அக்டோபரில் அது எழுப்பிய புகை, ராட்சதக் காளான்போல நகரின் மேலே நின்றது. தெருவெல்லாம் சாம்பல். இதே மலைச்சரிவில்தான் 1822 மே 24 அன்று அந்தோனியோ ஹோசே தே சுக்ரேயின் படை ஸ்பானியப் படையை வென்று நாட்டை விடுவித்தது. 2005 முதல் ரோப் காரில் ஏறி 3,900 மீட்டருக்கு மேல் போய் இறங்கலாம்.

★

ஈக்வடாரில் ஜனவரி 5 பத்திரிகையாளர் தினம். 1792-ல் அந்த நாளில்தான் யூஜெனியோ எஸ்பெஹோ, கீட்டோவின் முதல் செய்தித்தாளை வெளியிட்டார். பழங்குடித் தந்தைக்குப் பிறந்து, சாதிப் படிநிலை இறுகிக் கிடந்த காலனிய நகரில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். பெரியம்மை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களால் பரவுகிறது என்று 1785-லேயே எழுதியவர். ஊரைச் சுத்தமாக வை, நோயாளியைத் தனியே வை என்று அவர் வற்புறுத்தியபோது நுண்ணுயிரியல் முன்னோடி லூயி பாஸ்டர் பிறக்கவேயில்லை. செய்தித்தாள் ஏழு இதழ்களோடு நின்றது. அரசு அவரைச் சிறையில் தள்ளியது. சிறையில் பற்றிய நோயோடு 1795-ல் இறந்தார். அவர் மூட்டிய சிந்தனையில் வளர்ந்தவர்கள் 1809 ஆகஸ்ட் 10 அன்று ஸ்பானிய ஆளுநரை இறக்கிவிட்டுத் தங்கள் ஆட்சிக் குழுவை அமைத்தார்கள். ஈக்வடார் முழுதும் சிலை வைத்துக் கும்பிடத் தகுந்த ஒருவர் யாரென்று கேட்டால் நான் எஸ்பெஹோவைத்தான் சொல்வேன்.

★

இயேசு சிலுவையில் அறையப்பட்டதை நினைவுகூரும் புனித வாரத்தை ஒட்டி மட்டும் கிடைக்கும் ஒரு சூப் ஃபனெஸ்கா. பன்னிரண்டு வகைத் தானியமும் பயறும், பூசணியும், பாலும், உப்பிட்ட காட் மீனும் சேர்ந்தது. ஒரு கிண்ணத்துக்குப் பிறகு எழுந்து நடப்பது சிரமம். நவம்பர் 2, இறந்தோர் தினத்தில் கருஞ்சிவப்புச் சோளமாவும் பழங்களும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியும், குழந்தை வடிவ ரொட்டியும். இவற்றோடு கல்லறைக்குப் போய்க் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

தின்பண்டங்களில் பார்த்தே ஆகவேண்டியது கொலாசியோனெஸ் எனும் சர்க்கரைக் கடலை. பழைய நகரில் நூறாண்டு கடந்த ஒரு கடையில் இன்றும் கையாலேயே செய்கிறார்கள். உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் அகன்ற உலோகச் சட்டி, அதன் கீழே கரித் தணல். கடலையைக் கொட்டி, சட்டியை இருபுறமும் பிடித்து ஆட்டுகிறார்கள். பாகை ஒரு கரண்டி விடுவது, ஆட்டுவது, மறுபடி ஒரு கரண்டி, மறுபடி ஆட்டுவது. ஒவ்வொரு கரண்டிக்கும் கடலையின் மேல் மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்று ஏறுகிறது. மணிக்கணக்கில் ஆட்டினால்தான் அது முத்துப்போல உருண்டு வரும்.

★

ஈக்வடாருக்குச் சொந்தப் பணம் கிடையாது, செலாவணி அமெரிக்க டாலர். ஒரு டாலருக்கு 25,000 சுக்ரே என்று நாட்டுப் பணம் விழுந்த நெருக்கடியில் 2000-ல் எடுத்த முடிவு. மக்களின் சேமிப்பு கரைந்தது, பல லட்சம் பேர் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனார்கள். சில்லறைக் காசுகளை மட்டும் ஈக்வடார் தன் பெயரில் வெளியிடுகிறது.

★

2008-ல் கீட்டோவின் லீகா அணி தென் அமெரிக்கக் கால்பந்தின் உச்சமான லிபெர்தடோரஸ் கோப்பையை வென்றது. ஈக்வடார் அணி ஒன்று அதை வெல்வது அதுவே முதல்முறை. 'உயரத்தில் ஆடி ஜெயிக்கிறார்கள்' என்று சொல்பவர்களுக்கு: கோப்பை கைக்கு வந்தது கடல் மட்டத்து ரியோவின் மரக்கானா மைதானத்தில், பெனால்டி உதையில்.

★

வீடுகளுக்கு நடுவே சிக்கி, விமானிகளைத் திணறடித்த பழைய விமான நிலையம் 2013 பிப்ரவரியில் மூடப்பட்டது. மனை போட்டு விற்கவில்லை, பூங்காவாக்கினார்கள். மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையில் இப்போது பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள். 2023 டிசம்பரில் மக்களுக்குத் திறந்த மெட்ரோ ரயில், இந்தப் பூங்கா முனையிலிருந்து தெற்கே 22 கிலோமீட்டர் ஓடுகிறது.

★

ஓவியர் ஒஸ்வால்தோ குவாயசாமின் பழங்குடித் தந்தைக்குக் கீட்டோவில் 1919-ல் பிறந்தவர். ஒடுக்கப்பட்டவர்களின் கைகளையும் முகங்களையும் வாழ்நாள் முழுதும் வரைந்தார். 'மனிதனின் ஆலயம்' என்ற தன் கனவுக் கட்டடம் திறக்கப்படும் முன்பே 1999-ல் மறைந்தார். அஸ்தி ஒரு மண்பானையில், அவரே நட்ட பைன் மரத்தடியில் இருக்கிறது. கீட்டோவில் ஒரே ஒரு அருங்காட்சியகம் பார்க்க நேரமிருந்தால் இதைப் பாருங்கள்.

★

பிச்சிஞ்சா சரிவுகளில் வாழும் கறுப்பு மார்பு ரீங்காரச்சிட்டு கீட்டோவின் அடையாளப் பறவை. அழிவின் விளிம்பில் இருக்கிறது. நகரின் வடமேற்கே மேகக்காடுகள் நிறைந்த சோகோ ஆந்தினோவில் சுரங்கம் தோண்டலாமா என்று 2023 ஆகஸ்ட் 20 அன்று கீட்டோ மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 'கூடாது' என்றார்கள்.

★

போகிறவர்களுக்கு: முதல் நாள் மலையேற வேண்டாம். மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது தொடாதீர்கள். வெயில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் தோலை எரிக்கும், தொப்பி அவசியம். நூறு டாலர் தாளைக் கடைக்காரர்கள் வாங்கத் தயங்குவார்கள், ஐந்தும் பத்துமாகக் கொண்டுபோங்கள். மின்சாரம் 120 வோல்ட், நம் ஊர் பிளக் பொருந்தாது. போதைக் கடத்தல் கும்பல்களின் வன்முறையால் 2024 ஜனவரியில் அரசு உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்த நாடு இது, ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பாருங்கள், இருட்டிய பிறகு தனியே நடக்காதீர்கள். மழை குறைவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அந்த மாதங்களில் மூன்று முழு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள்.